ஒன்றையாவது விட்டுவைக்கணும்

எங்கள் ஜவுளிக்கடையில் மேட்சிங் செக்‌ஷன் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. புடவைக்குப் பொருத்தமான ஜாக்கெட் துணி எடுக்கிற இடம். கள்ளக்குறிச்சியிலேயே பெரிய கடை என்று முதலாளி சொல்லிக்கொள்வார், ஆனால் அந்த மூலையில் நிமிர்ந்தால் தலை இடிக்கும். அங்கேதான் அந்த அக்கா நாள் முழுக்க நின்றார். எதிர்ப்பக்கம் சுடிதார் செக்‌ஷனில் நான். இரண்டு வருடம் அப்படி எதிரெதிரே நின்றோம்.

யாராவது புடவையோடு வந்தால் அக்கா அதை டியூப் லைட்டுக்குக் கீழே விரித்துப் பார்க்க மாட்டார். கடை வாசல் வரை நடந்து போய், வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வருவார். “லைட்ட நம்பாதீங்கம்மா, அது எல்லாத்தயும் அழகாத்தான் காட்டும்” என்பார். திரும்பி வந்து அடுக்கிலிருந்து ஒரே ஒரு சுருளை இழுப்பார். அது சரியாக இருக்கும். அரக்கு என்று நாமெல்லாம் ஒரே பேரில் சொல்கிற நிறத்தை அவர் பழைய அரக்கு, வெங்காய அரக்கு, கண்ணு செவந்த அரக்கு என்று பிரித்து வைத்திருந்தார். கண்ணு செவந்த அரக்கு என்று எந்தக் கம்பெனியும் துணி விற்பதில்லை. அக்கா சொன்னால் எங்களுக்குப் புரியும். வாசலுக்கும் மூலைக்கும் நடப்பதற்கா சம்பளம் என்று சூப்பர்வைசர் முறைப்பார். அக்கா காதில் வாங்க மாட்டார்.

அதே கண்ணை மனிதர்கள் முகத்திலும் வைப்பார். மதியம் சாப்பிட உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

“இன்னா பாப்பா, எடது கண்ணு சின்னதா இருக்கு? தூங்கலியா?”

“ஸ்கேன் சென்டர்ல வேலைக்குப் போயிருக்கலாம்க்கா நீங்க” என்று நான் சொல்வேன். சிரிப்பார். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும். நம்மை ஒருவர் அவ்வளவு உற்றுப் பார்ப்பது எல்லோருக்கும் ஒத்துவராது.

அவர் கரியாலூர்ப் பக்கத்து மலைக்காரர். ஒரே மகள், சேலத்தில் நர்சிங் படித்தாள். வீட்டுக்காரர் பற்றி அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஊரைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேசுவார். அருவி பார்க்கப் போகிறவர்கள் சொல்கிற கரியாலூர் அது இல்லை. எந்த வளைவில் பஸ் திணறும், எந்தக் கொல்லையில் மரவள்ளி நன்றாக விழும், யார் வீட்டில் போனால் சாப்பிடாமல் விட மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போவார். நான் கல்வராயன் மலைக்கு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன், அதுவும் பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே நின்று போட்டோ எடுத்துவிட்டு வந்தேன்.

போட்டோ என்றதும் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

கடைக்கு ரீல்ஸ் எடுக்க வாரம் ஒரு முறை கேமராக்காரர் வருவார். புதுப் புடவையைக் கட்டிக்கொண்டு நிற்க மாடிப் பெண்களைக் கூப்பிடுவார்கள். என்னையும் நாலைந்து முறை கூப்பிட்டார்கள். அக்காவைக் கூப்பிட்டதே இல்லை. ஜாக்கெட் துணியைக் காட்டும்போது மட்டும், “அக்கா, கையை நீட்டுங்க, கை மட்டும் வந்தா போதும்” என்பார் கேமராக்காரர். துணியைப் பிடித்துக்கொண்டு இரண்டு கைகள் வரும். அந்தக் கைகளை இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள்.

“என் கை மட்டும் ஊரெல்லாம் சுத்துது பாப்பா. மூஞ்சிக்குத்தான் வேலயில்ல” என்று ஒரு நாள் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகுதான் அந்த ஆப் அவர் போனில் வந்தது. முகத்தை மாற்றிக் காட்டுகிற ஆப். கன்னத்தை இழுத்து விடும், தோலை வழவழப்பாக்கும், மூக்கை மெலிதாக்கும், கறுப்பை ஒரு படி இறக்கும். அவருக்கு அதை இறக்கிக் கொடுத்தது மாடியில் பட்டு செக்‌ஷன் பெண். நான் இல்லை. இதை இவ்வளவு அவசரமாக ஏன் சொல்கிறேன் என்று எனக்கே தெரிகிறது.

ஓசியில் கிடைக்கிற ஆப்தான் அது. ஆனால் ஓசியில் எடுத்தால் போட்டோவின் மூலையில் ஆப்பின் பெயர் சின்னதாக விழும். அது விழாமல் இருக்க மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். அக்கா கட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“இதுக்குப் போயி காசு கட்டுவாங்களாக்கா? ஓசிலயே நல்லாத்தான இருக்கு.”

“மூலைல பேர் போட்டுட்றான் பாப்பா. பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடுதே.”

“தெரிஞ்சா இன்னா இப்ப?”

அக்கா கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே யோசித்தார். “ஓசில குடுத்தா அது அவன் குடுத்த மூஞ்சி. காசு கட்டிட்டா என்னுது. பொடவ இன்னா நம்ம நெய்யிறோமா? காசு குடுத்து வாங்கிக் கட்டிக்கினா நம்ம பொடவ தான?”

ஜவுளிக்கடையில் நின்றுகொண்டு அதற்கு என்ன பதில் சொல்வது? பூ வாங்குவதை நிறுத்தினார், சாயங்கால டீயை நிறுத்தினார், அந்த மாதாந்திரப் பணத்தை மட்டும் நிறுத்தவில்லை. பணம் போனதாகப் போனில் செய்தி வந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். இன்னும் ஒரு மாதத்துக்கு யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்கிற நிம்மதி.

அந்த ஆப்பில் எதை எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு ஒரு கோடு இருக்கும், விரலால் நகர்த்த வேண்டும். அக்காவுக்கு அதிலும் கணக்கு உண்டு. “பத்துல மூணுதான் வெக்கணும் பாப்பா. நாலு வெச்சா பொய்யா பூடும்.” கொஞ்ச நாளில் அவரே நாலு வைத்தார். பிறகு ஐந்து. அரக்கில் அரைப் பங்கு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறவருக்கு இது தெரியவில்லை. நேற்றுப் பார்த்த முகத்துக்கு இன்றைக்குக் கண் பழகிவிடுகிறது, அதனால் இன்னும் கொஞ்சம் தேவைப்படுகிறது. பொட்டு வைத்துக்கொள்ளக்கூட அவர் கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டார். ஜவுளிக்கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆளுயரக் கண்ணாடி, அவர் அத்தனையையும் தாண்டி வந்து, ஆப்பைத் திறந்து, அதில் தெரிகிற முகத்தில் பொட்டு வைத்துக்கொள்வார். பாதி நாள் பொட்டு கோணலாக இருக்கும். நான் சொன்னால், “இதுல நேராத்தான தெரியுது” என்பார்.

இதைக் கேட்டுவிட்டு அவரைப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு பக்கம் இருக்கிறது.

ஆயுத பூஜைக்குக் கடையில் எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்தோம். முதலாளி நடுவில், நாங்கள் சுற்றி. மறுநாள் வியாபாரம் மந்தம். அக்கா மூலையில் உட்கார்ந்து, அந்தப் போட்டோவில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் இரண்டு விரலால் பெரிதாக்கி, ஒவ்வொருவராகச் சரி செய்துகொண்டிருந்தார். வாட்ச்மேனைக்கூட விடவில்லை. யாரும் கேட்கவில்லை, அவராகவே செய்தார். தனக்குக் கிடைத்ததை எல்லோருக்கும் பங்கு வைத்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

“உன் கண்ணுக்குக் கீழ இருந்த கருப்பு எடுத்துட்டேன் பாப்பா. காதுக்கு முன்னாடி ஒரு சின்ன மச்சம் இருக்கு பாரு, அத மட்டும் வுட்டுட்டேன்.”

“அதையும் எடுத்துட வேண்டியதுதான?”

“சேச்சே. ஒன்னையாவது வுட்டு வெக்கணும். எல்லாத்தயும் எடுத்துட்டா ஆளே பூடுவாங்க.”

காதுக்கு முன்னால் எனக்கு மச்சம் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தேன், இருந்தது. முப்பத்து நாலு வருடமாக இருந்திருக்கிறது.

அக்காவைக் கேலி செய்த வாயோடுதான் நானும் அந்த ஆப்புக்குப் பணம் கட்ட ஆரம்பித்தேன். பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அக்கா சாதாரணமாகப் போட்டோ எடுத்து, பிறகு அதன் நகலில் கை வைப்பார். அசல் தனியாக இருக்கும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. நேரே அந்த ஆப்பின் கேமராவையே திறந்து எடுத்தேன். அதில் எடுத்தால் மாற்றிய படம் மட்டும்தான் போனில் விழும், அசல் என்று ஒன்றே இருக்காது. ஒன்றரை வருடம் இப்படி எடுத்தேன். பொங்கல், பிறந்தநாள், சும்மா ஞாயிற்றுக்கிழமை எல்லாம். அந்த ஒன்றரை வருடத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சுருக்கம் விழவில்லை.

அப்பா எங்களோடுதான் இருந்தார். அம்மா போன பிறகு நைனார்பாளையத்தில் தனியாக விட முடியாமல் கூட்டி வந்துவிட்டேன். வேலை பார்த்த காலத்தில் அவர் ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளி எடை போட்டவர். கொல்லை கொல்லையாகப் போய், கிழங்கை எடை பார்த்து லாரி ஏற்றி அனுப்புகிற வேலை. வெயிலில் காய்ந்த முகம், பீடி பிடித்த உதடு. என் மாமியார் வீட்டுப் பக்கத்தில் அவருக்கு மரியாதை கொஞ்சம் கம்மி. அதைச் சரி செய்ய வேண்டும் என்கிற வெறி எனக்குள் ரொம்ப நாளாக இருந்தது.

என் பெண்ணுக்கு மஞ்சள் நீராட்டு விழா வந்தது. இந்த ஊரில் மண்டபம் சின்னதாக இருந்தாலும் பேனர் பெரிதாக இருக்க வேண்டும். தாத்தா, பெரியப்பா, தாய்மாமன் என்று எல்லோர் முகமும் வரிசையாக வர வேண்டும். என் மாமனார் சரிகை வேட்டியில் ஸ்டுடியோ படம் கொடுத்திருந்தார். அப்பாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நல்ல வேட்டி சட்டை போடச் சொல்லிச் சாதாரண கேமராவில் ஒரு படம் எடுத்து, அக்காவிடம் கொண்டு போனேன். இந்த வேலைக்கு என் கை போதாது, அக்காவின் கைதான் வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அக்கா அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார். சுருக்கம் போயிற்று, மரு போயிற்று, உதடு சிவந்தது. கடைசியில் நிறுத்தினார்.

“எடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கு பாரு பாப்பா. அது இருக்கட்டும்.”

“அது எதுக்குக்கா? ரவுடி மாதிரி இருக்கு. எடுத்துடுங்க.”

“அப்பாவுக்கு ஒன்னுமே வுடலியே நானு.”

“எங்கப்பா தானக்கா, நான் சொல்றேன். பளிச்சுன்னு வேணும், கவர்மெண்ட் உத்யோகத்துல ரிட்டையர் ஆனவரு மாதிரி.”

எடுத்துவிட்டார். எனக்குப் படத்தை அனுப்பிவிட்டு, “நல்லாத்தான் இருக்காரு” என்று மட்டும் சொன்னார். அசலைத் தன் போனில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். மாமியார் வீட்டு ஆட்கள் கையில் தப்பித்தவறி அது போய்விடக் கூடாது என்று அவர் போனிலும் என் போனிலும் நானே அழித்தேன்.

விழாவன்று மண்டப வாசலில் பேனர் நின்றது. அப்பா அதன் முன்னால் போய் நின்று, தன் படத்தையே பார்த்தார். பிறகு என்னிடம், “இவரு யாரும்மா? மாப்ள வூட்டு ஆளா?” என்று கேட்டார்.

நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அப்பாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். விழாவுக்கு வந்திருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பாப்பா, அப்பாவ ஒரு தபா டாக்டர்கிட்ட காட்டு” என்றார். எனக்குக் கோபம் வந்தது. நல்ல நாளில் பேசுகிற பேச்சா? ஆனால் அன்றைக்கு அப்பா உண்மையாகவே தன்னை அடையாளம் தெரியாமல்தான் கேட்டார். படம் மாறியிருந்தது ஒரு பாதி, அவருக்குள் மறதி தொடங்கியிருந்தது மறு பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்த இடத்தில் ஒருவருக்குத்தான் கண் இருந்தது. அன்று மண்டபத்தில் அக்கா அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். ரொம்ப நேரம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த நாலு மாதத்தில் அப்பா என் பெயரை இரண்டு முறை மறந்தார். டாக்டரிடம் போக வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டீ குடிக்கப் போகிறேன் என்று போனவர் திரும்பி வரவில்லை.

மதியம் வரை தேடிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனோம். சமீபத்திய போட்டோ கேட்டார்கள். என் போனில் நூறு போட்டோ இருந்தது, எல்லாம் ஆப் எடுத்தது. ஆதார் அட்டையில் இருந்தது பத்து வருடம் பழசு, அதில் இருப்பது ஆணா பெண்ணா என்றே தெரியாது. கடைசியில் பேனருக்குப் போட்ட படத்தைக் கொடுத்தேன். இருப்பதிலேயே தெளிவாக இருந்தது அதுதான். “நல்லா பர்சனாலிட்டியா இருக்காரே” என்றார் எழுதிக்கொண்ட போலீஸ்காரர். எனக்கு அந்த நேரத்திலும் ஒரு ஓரத்தில் பெருமையாக இருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் படம் வாட்ஸ்அப்பில் பறந்தது. சின்னசேலம், சங்கராபுரம், மலைப்பக்கம் எல்லாம் போய்ச் சேர்ந்தது. தகவல் எதுவும் வரவில்லை. மறுநாள் நோட்டீஸ் அடித்து, கடைப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் ஒட்டினேன். அக்காவும் வந்திருந்தார். ஒரு நோட்டீஸைக் கையில் வாங்கியவர் பசையைத் தொடாமல் அப்படியே நின்றார்.

“இத்தயா குடுத்த ஸ்டேசன்ல?”

“வேற எது இருக்கு எங்கிட்ட?”

“பாப்பா, இதுல அப்பா இல்லியே.”

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காத தலை, முதல் நாளிலிருந்து எனக்குள்ளேயே உறுத்திக்கொண்டிருந்த விஷயம், அதை இன்னொருவர் வாயில் கேட்டதும் வெடித்துவிட்டேன். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அவரை நீ என்றேன்.

“நீதான அழிச்ச! உன் மூஞ்சிய மறைக்கறதோட நிறுத்திக்க வேண்டியதுதான? எங்கப்பன் மூஞ்சியையும் சேத்து அழிச்சிட்டியே, பாவி!”

அதோடு விட்டிருக்கலாம். என் போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் அவர் வைத்திருந்த படத்தைத் திறந்து, கடைப் பெண்கள் பக்கம் திருப்பிக் காட்டினேன். “இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்!”

பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்களெல்லாம் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எங்கள் பெண்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். காசு கட்டி மாதா மாதம் அவர் எதை மூடி வைத்திருந்தாரோ, அதை நடு பஸ் ஸ்டாண்டில் விரித்துப் போட்டேன்.

அக்கா நோட்டீஸை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, டைம் கீப்பர் அறைக்குப் பின்னால் போனார். போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது. யாரிடமோ என்னைப் பற்றிக் குறை சொல்கிறார் என்று நினைத்தேன். சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

அவர் அங்கே நின்று பேசியது ஒரு வாய்ஸ் மெசேஜ். அன்று சாயங்காலம் அது யார் யாரோ அனுப்பி என் போனுக்கே வந்தது.

“கரியாலூரு, வெள்ளிமல பக்கம் இருக்கறவங்க கேளுங்க. ஒரு பெரியவரு காணாப் பூட்டாரு. ஒரு போட்டோ சுத்திக்கினு இருக்கு, அத்தப் பாக்காதீங்க, அது சரியில்ல. நான் சொல்றத கேளுங்க. எடது புருவம் நடுவுல வெட்டுப்பட்டு ரெண்டா இருக்கும். மூக்குக்கு வலது பக்கம் மொளவு அளவுக்கு ஒரு மரு. கீழ் ஒதடு பீடி புடிச்சி நடுவுல வெளுத்திருக்கும். ரெண்டு காதுலயும் கடுக்கன் போட்ட ஓட்ட, வலது காதுல அது கிழிஞ்சாப்ல கீழ எறங்கியிருக்கும். சிரிச்சா மொதல்ல எடது பக்கந்தான் சிரிக்கும், அப்பறந்தான் வலது பக்கம் வரும். பேரு கேட்டா சொல்ல மாட்டாரு. கெழங்கு எவ்ளோ எட நிக்கும்னு கேளுங்க, பேசுவாரு. பாத்தா வுட்றாதீங்க. சாப்பாடு குடுத்து உக்கார வைங்க, நான் வரேன்.”

நான் அதை மூன்று முறை போட்டுக் கேட்டேன். ஸ்டேஷனில் அங்க அடையாளம் கேட்டபோது நான் சொன்னது, மூக்கில் ஒரு மரு என்று. எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். இடது என்றேன்.

அப்பா கரியாலூரில்தான் இருந்தார். செவ்வாய்க்கிழமை காலையே மலை பஸ்ஸில் ஏறிப் போய் இறங்கி, மரவள்ளி குவித்திருந்த ஒரு வீட்டு வாசலில் நின்று, தராசு எங்கே என்று கேட்டிருக்கிறார். வேலை பார்த்த காலத்தில் அங்கெல்லாம் எடை போடப் போயிருக்கிறார், அதுவும் எனக்குத் தெரியாது. மண்டபத்தில் அக்காவிடம் அதைத்தான் பேசியிருக்க வேண்டும். அந்த வீட்டம்மாள் அவரை உட்கார வைத்துச் சாமைச் சோறு போட்டிருக்கிறார். பிறகு என்னிடம் போனில் பேசினார்.

“போட்டோ மொத நாளே எங்களுக்கு வந்துச்சுங்க. இவரு பக்கத்துலயே போன வெச்சிப் பாத்தோம். அவரு யாரோ ஆபீசரு, இவரு வேறன்னு வுட்டுட்டோம். அப்பறம் அந்தம்மா பேசுனது வந்துச்சு. ஒவ்வொன்னா சொல்லச் சொல்ல நானு இவரு மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேன். காது வரிக்கும் சரியா இருந்துச்சு. அப்பறம் சிரிக்க வெச்சிப் பாத்தோம். எடது பக்கந்தாங்க மொதல்ல சிரிச்சாரு.”

நாங்கள் கிளம்புவதற்குள், வியாழக்கிழமை முதல் பஸ்ஸிலேயே அக்கா மேலே போய்விட்டார். மதியம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் ஓடிப் போய் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகை எனக்கு நல்ல வசதியாக இருந்தது, நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. என் பெண் தண்ணீர் கொடுத்தாள். அக்கா வாங்கிக் குடித்தார். “தாத்தா காலுல கொப்புளம் இருக்கு, மருந்து போடு” என்று அவளிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. நான் தலையைத் தூக்கியபோது செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். உட்காருங்க என்று ஒரு வார்த்தை. அதைக்கூட நான் சொல்லவில்லை. நன்றி, மன்னிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதானே. நாளைக்குக் கடையில் தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கடையில் வேறு மாதிரி ஆகியிருந்தது. நான் பஸ் ஸ்டாண்டில் கத்தியது எனக்கு முன்னால் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மாடிப் பெண்கள் யாருடைய போட்டோவைப் பார்த்தாலும், “இது யாருன்னு சொல்லுங்க பாப்போம்” என்று என் குரலிலேயே சொல்லிச் சிரித்தார்கள். சூப்பர்வைசர்கூட ஒரு முறை சொன்னார். நான் போய் ஒரு அதட்டு போட்டிருந்தால் நின்றிருக்கும். எனக்கு நாக்கு நீளம் என்று கடைக்கே தெரியும், என் அதட்டலுக்குப் பயப்படுவார்கள். ஆனால் அதட்டினால் பேச்சு என் பக்கம் திரும்பும். அதனால் சுடிதார்களை அடுக்கிக்கொண்டு நின்றேன்.

அக்கா வாசலுக்குப் போய் வெயிலில் புடவை பார்ப்பதை நிறுத்திவிட்டார். மூலையிலேயே, டியூப் லைட்டிலேயே பார்த்துத் துணி கொடுத்தார். வாட்ஸ்அப்பில் அவர் படம் இருந்த இடம் வெறும் சாம்பல் வட்டமாகிவிட்டது. என்னோடு பேசினார், சாப்பிட்டாயா என்று கேட்டார், பாப்பா என்று மட்டும் கூப்பிடவில்லை. ஒரு மாதம் கழித்து வேலையை விட்டுப் போனார். நம்பரையும் மாற்றிவிட்டார்.

நான் அந்த ஆப்பை உடனே எடுத்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எடுக்கவில்லை. அப்பாவை மட்டும் சாதாரண கேமராவில் எடுக்கிறேன். என்னை எடுக்க இன்னும் அந்த ஆப்தான். பணம் போனதாகச் செய்தி வரும்போதெல்லாம் அக்கா நினைப்பு வரும், அப்படியும் நிறுத்த முடியவில்லை. அவர் ஏன் கட்டினார் என்று கேட்டவள் நான். இப்போது யாராவது என்னைக் கேட்டால் அவர் சொன்ன பதிலைத்தான் சொல்வேன்.

போன மாதம் பட்டு செக்‌ஷன் பெண் வந்து, அக்கா திருக்கோவிலூரில் இருக்கிறாராம் என்று ஒரு தெருவின் பெயரைச் சொன்னாள். லீவு போட்டுக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டிய வார்த்தைகளையெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து சேர்த்து வைத்துக்கொண்டேன். தெருவில் வரிசையாகச் சின்னச் சின்ன வாடகை வீடுகள், பாதி பூட்டியிருந்தன. குழாயடியில் நின்ற ஒரு அம்மாவிடம் அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டேன்.

“அந்தப் பேர்ல இந்தத் தெருவுலயே மூணு பேரு இருக்காங்களேம்மா. போட்டோ இருக்குதா?”

இருந்தது. என் பெண்ணின் விழாவில் அவர் போனில் எடுத்து, எனக்கு அனுப்பிய படம். அந்த அம்மா வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

“இப்டி சினிமாக்காரி மாதிரி இங்க யாரும்மா இருக்காங்க? நேர்ல எப்டி இருப்பாங்க, சொல்லு.”

“செவப்பா இருப்பாங்க. கொஞ்சம் நீள மூஞ்சி...” என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, போனில் இருப்பதையே பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போனை அணைத்துவிட்டு யோசித்தேன். அவர் கன்னம் எப்படி இருக்கும்? மூக்கு? நெற்றியில் ஏதாவது தழும்பு? சிரித்தால் எந்தப் பக்கம் முதலில்? இரண்டு வருடம் தினமும் அவர் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்த அம்மா குடம் நிரம்புகிற வரைக்கும் காத்திருந்தார்.

“தெரிலயா? பரவால்ல வுடு” என்றார் பாவமாக. “எல்லாரும் வேலைக்குப் போயிருக்காங்க. ஆறு மணிக்கெல்லாம் இந்த வழியாத்தான் வருவாங்க. இங்கயே உக்காந்துக்கினு இரு, பாத்துட்டுப் போலாம்.”

அப்போது மணி நாலுகூட ஆகவில்லை. உட்கார்ந்திருந்தால் அவர் வந்திருப்பார். தெருமுனையிலிருந்தே என்னை அடையாளம் கண்டிருப்பார். நான் சரியாகத் தூங்கவில்லை, இளைத்திருக்கிறேன், எதற்காக வந்திருக்கிறேன் என்பதுவரை என் முகத்தில் பார்த்துவிட்டு, பாப்பா என்று கூப்பிட்டிருந்தாலும் கூப்பிட்டிருப்பார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அந்த அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு, தெருவின் இன்னொரு பக்கமாக வேகமாக நடந்து வந்துவிட்டேன்.